பிறந்த வருஷம் சொன்னால்தான் திறக்கும்

ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற என் சகபாவிகளே, நம்ம தொழில்ல பாதிப் பொழுது பிரிண்ட் எடுக்கிறதுல போகுது, மீதிப் பொழுது “பைல் ஏன் திறக்கலை?”ன்னு திட்டு வாங்குறதுல போகுது. அதுலயும் காலேஜ் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்னா கேக்கவே வேண்டாம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற என் கடையில அப்படி ஒரு நாள் நடந்ததைச் சொல்லுதேன்.

ஆடு தின்ன அட்டை

காலையிலயே கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸுல வந்து இறங்கினாக வேலுச்சாமி அண்ணாச்சியும் அவர் பெஞ்சாதி பேச்சியம்மா மதினியும். மகளுக்கு நர்சிங் காலேஜ் விண்ணப்பம். சாயந்தரம் அஞ்சு மணிக்கு வெப்சைட்டை மூடிருவான். எல்லாம் ஏத்தியாச்சு, அப்பாவோட ஆதார் ஒண்ணுதான் பாக்கி. அட்டையை ஆடு மென்னு தின்னுட்டு. மக போன்ல இறக்கிக் குடுத்து விட்டிருக்கா, ஆனா பைல் திறக்கலை.

அது பூட்டோட வார பைல். பேரோட முதல் நாலு இங்கிலீஷ் எழுத்தும் பிறந்த வருஷமும் போட்டாத்தான் திறக்கும். அண்ணாச்சி ஒரு வருஷம் சொன்னார், திறக்கலை. இன்னொண்ணு சொன்னார், ம்ஹூம். நானும் பேரை விதவிதமா எழுதிப் பாத்தேன். மனுஷன் கம்ப்யூட்டரைப் பாக்காம பெஞ்சாதி முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கார். “பொறந்த வருசம் நிச்சயமாத் தெரியுமா அண்ணாச்சி?”ன்னு கேட்டேன். பதில் மதினிகிட்ட இருந்து வந்தது: “ஆடு குட்டி போட்ட நாளெல்லாம் ஞாபகம் இருக்கும் தாயி, தான் பொறந்த நாளு மட்டும் மறந்துட்டாம்!”

யோசிச்சு வைங்கன்னு ரெண்டு பேரையும் பெஞ்சுல உக்கார வச்சேன்.

பேரு மாத்தின பைல்

அடுத்து ஒரு தம்பி வாசுதேவநல்லூர்ல இருந்து வந்தான். போட்டோவை ஜேபிஜியா ஏத்தணுமாம். அவன் கொண்டு வந்தது வேர்டு பைல். அதுக்குள்ள போட்டோவை ஒட்டி, பைல் பேரோட வால்ல ‘ஜேபிஜி’ன்னு அவனே எழுதிட்டான். திறக்குமா? திறக்கலை. “ஏலே, பேரை மாத்தினா பைல் மாறிருமா?”ன்னு சத்தம் போட்டேன். பய கொஞ்சமும் அசரலை. “ஜோசியர் சொல்லி பேருல ஒரு எழுத்து கூட்டினதுக்கே எங்க அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிட்டு அக்கா, ஒரு பைல் மாறாதா?”

சம்பந்தி பேரு

மத்தியானம் பாத்திரக்கடை அண்ணாச்சி பென் டிரைவோட வந்தார். மக கல்யாணப் பத்திரிகை அதுல இருக்கு. பழைய தமிழ் பாண்ட்ல, அதான் எழுத்துருவுல, அடிச்சது, என் கம்ப்யூட்டர்ல அந்த பாண்ட் இல்லை. திறந்தா தமிழே கிடையாது. இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமா அள்ளிக் கொட்டிக் கிடக்கு. பதறிட்டார். பாண்டை ஏத்தினா சரியாயிரும், பத்தே நிமிஷம்னு தைரியம் சொன்னேன். எது யார் பேருன்னு இருக்கிற இடத்தை வச்சு வரிசையாக் கணக்குப் பண்ணிக்கிட்டே வந்தவர் ஓர் இடத்துல விரலை வச்சார். “சம்பந்தி பேரு மட்டும் இப்படியே இருக்கட்டும்மா, மத்ததை மாத்து.”

நாலே முக்கால்

வேலுச்சாமி அண்ணாச்சியும் மதினியும் இன்னும் பெஞ்சுலதான் இருக்காக. மணி நாலே முக்கால். “அண்ணாச்சி, இன்னும் கால் மணி நேரம்தான். மகளுக்கு ஒரு வருசம் வீணாப் போயிரும்”னேன். அவர் மதினியைப் பாத்து, “போயி ஒரு டீ குடிச்சிட்டு வாயேன்”னார். “பைல் திறக்கதைப் பாத்துட்டே போறேன்”னு மதினி கம்ப்யூட்டருக்குப் பக்கத்துலயே வந்து நின்னுட்டாக.

அண்ணாச்சி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஒரு வருஷத்தைச் சொன்னார். காலையில மொதல்ல சொன்னதுக்கு எட்டு வருஷம் முந்தினது. அடிச்சேன், டக்குன்னு திறந்துட்டு. பிறந்த தேதி திரையில பளிச்சுன்னு நிக்கி. மதினி விரல் விட்டு எண்ணினாக. “பொண்ணு பாக்க வந்தப்ப இருபத்தாறுன்னீரு. அப்ப முப்பத்துநாலா?” அண்ணாச்சி பஸ் வருதான்னு ரோட்டைப் பாக்க ஆரம்பிச்சுட்டார். எனக்குச் சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்கு, மௌசைப் பிடிச்ச கை அப்படியே நின்னுட்டு. மதினிதான் என் தோளைத் தட்டினாக: “நீ ஏன் முழிக்க? மக படிப்பு முக்கியம், மொதல்ல அதை ஏத்து தாயி. இவரை நான் பஸ்ஸுல வச்சுக் கேக்கேன்.”

பைல் திறக்கலைன்னா நம்மைத் திட்டுவாக, திறந்துட்டா வீட்டுக்காரரைத் திட்டுவாக, அவ்வளவுதான் மக்கா நம்ம தொழில்ல கண்ட முன்னேற்றம்.