ஏழாம் பிரிவின் கடைசி வரி

அந்த வரியை எடுத்துவிடச் சம்மதித்தவன் நான்தான். அரசு அல்ல, அதிகாரி அல்ல... நான்! சங்கத்தின் கடிதத் தாளில், செயலாளர் என்ற முத்திரைக்கு மேலே, என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

பெங்களூரில் நகர நிர்வாகத்தில் நான் ஓர் எழுத்தர். தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்ரீராம்புரத்துக்காரன். எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒருவராவது தெரு பெருக்கும் வேலைக்குப் போயிருப்பார். அவர்களுக்கும் எனக்கும் ஒரே சங்கம். பிந்தி வேலைக்குச் சேர்ந்த எங்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. பங்குச் சந்தையோடு ஏறி இறங்கும் ஒரு திட்டத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள். அதை மாற்ற ஒரு சட்டம் வேண்டும் என்று எத்தனை வருடம் தொண்டை வறளக் கத்தினோம்!

இந்தச் சட்டசபைக் கூட்டத்தொடரில் வரும் என்பார்கள். அமளி, ஒத்திவைப்பு. அடுத்ததில் நிச்சயம் என்பார்கள். மறுபடியும் ஒத்திவைப்பு. தர்ணா என்று சுதந்திரப் பூங்காவில் வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து எங்கள் ஆட்கள் ஓய்வு பெற்றுப் போனதுதான் மிச்சம். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருவழியாக மசோதா தயாரானது. பத்து வருடம் பணி செய்திருந்தால் ஓய்வூதியம் என்றது ஏழாம் பிரிவு. அதன் கடைசி வரி, நாங்கள் மன்றாடிச் சேர்த்த வரி: நிரந்தரமாவதற்கு முன் தினக்கூலியாக வேலை செய்த வருடங்களும் பணிக்காலத்தில் சேரும்.

கஸ்தூரி அக்காவுக்கு அந்த ஒரு வரிதான் சட்டம். எங்கள் எதிர்வீட்டுக்காரி. பதினெட்டு வருடம் தினக்கூலியாகத் தெரு பெருக்கினாள். நிரந்தரமாகி ஆறே வருடத்தில் ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. இப்போது மல்லேஸ்வரத்தில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள், வீங்கிய முழங்காலோடு.

மசோதா சபைக்குப் போகுமுன் அதைத் தயாரித்த அதிகாரி சங்கத்தைக் கூப்பிட்டார்; அன்று எங்கள் சங்கத் தலைவருக்குக் காய்ச்சல். அதிகாரியைப் பார்க்க நான் மட்டும் போனேன். நிதித்துறை அந்த வரிக்கு ஒத்துக்கொள்ளாது என்றார் அவர். சங்கம் அதை வலியுறுத்தவில்லை என்று எழுதிக் கொடுத்தால் இந்தத் தொடரிலேயே மசோதா வரும், இல்லாவிட்டால் எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றார். பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

“ஒந்தே ஒந்து சாலு... பிட்பிடி சார்.”

ஒரே ஒரு வரி, விட்டுவிடுங்கள். விட்டுவிட்டேன்! சங்கத்தைக் கூட்டிக் கேட்க ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை? கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்று பயந்தேனா? அந்த வரி இல்லாமலேயே எனக்கு ஓய்வூதியம் வந்துவிடும் என்பது என் கைக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது. ஆம், நன்றாகவே தெரிந்திருந்தது.

இதுவரைக்கும் சமரசம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இனிமேல் சொல்லப்போவதற்கு அந்தப் பெயரும் கிடையாது.

சட்டம் நிறைவேறியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையார் கோயில் முன்னால் எல்லோரும் கூடினார்கள். எங்கள் ஆட்கள் கன்னடத்தில் சரளமாகச் சண்டை போடுவார்கள். ஆனால் சட்டக் கன்னடம் படிக்க வராது. எந்தக் காகிதம் வந்தாலும் நான் நின்று தமிழில் படித்துச் சொல்வதுதான் வழக்கம். கழுத்தில் மாலையைப் போட்டார்கள். படித்தேன்.

ஏழாம் பிரிவுக்கு வந்தேன். பத்து வருடம் என்றதும் முன்வரிசையில் கஸ்தூரி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வரிக்காகக் காத்திருந்தாள்... காகிதத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. என் வாய் நிற்கவில்லை. இல்லாத வரியை இருப்பதுபோலவே படித்துவிட்டேன். தடுமாறக்கூட இல்லை, கேளுங்கள்! அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுநாளே விண்ணப்பம் கொடுத்தாள்.

திருப்பி அனுப்பினார்கள். நேராக என்னிடம்தான் வந்தாள்.

“அந்த வரியே இல்லன்றாரு தம்பி அந்த ஆபீசரு. நீ படிச்சப்ப இருந்திச்சே, என் காதால கேட்டேனே. நீ ஒருவாட்டி வந்து அவருக்குப் படிச்சுக் காட்டு.”

போனேன். போகாமல் என்ன செய்ய? அந்த ஓய்வூதிய அதிகாரி அரசிதழை என் கையில் கொடுத்தார். அக்கா பக்கத்தில் நின்றாள். ஏழாம் பிரிவைப் படித்தேன். இந்த முறை அச்சு முடிந்த இடத்தில் நிறுத்தினேன்.

“மீதியும் படி தம்பி” என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? அச்சில் விட்டுப்போயிருக்கிறது அக்கா, திருத்தம் கொண்டுவரச் சொல்லலாம் என்றேன். அதிகாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்கா நம்பினாள். சந்தில் எல்லோரிடமும் போய்ச் சொன்னாள். அவளைப் போலவே ஓய்வூதியம் மறுக்கப்பட்ட பெண்கள் தினமும் காலையில் என்னை மடக்கித் திருத்தம் எப்போது வரும் என்கிறார்கள். எரிந்து விழுகிறேன். அவர்கள் மேலா எரிச்சல்? எதற்கு இந்த நடிப்பு!

திருத்தம் கேட்டு இப்போது ஒரு மனு எழுதியிருக்கிறேன். ‘தவறுதலாக விடுபட்ட வரி’ என்று அதில் இருக்கிறது. அந்த மனு போய்ச் சேரும் கோப்பில்தான் என் பழைய கடிதமும் கிடக்கிறது. யாராவது இரண்டு தாளைப் புரட்டினால் போதும்... உங்கள் சங்கமே வேண்டாம் என்றதே என்று ஒரே வார்த்தையில் தள்ளுபடி செய்துவிடுவார்கள். இது தெரிந்தேதான் எழுதினேன். உண்மையை எழுதினாலாவது ஒரு வழி பிறக்குமோ என்னவோ... எழுத வரவில்லை.

நேற்று மனுவைச் சந்துக்கு எடுத்துப் போனேன். கஸ்தூரி அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தாள். வழக்கம்போலப் படித்துக்காட்ட வாயெடுத்தேன்.

“நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.