மாற்றி வைத்த இரண்டு ஒயர்

பிள்ளைகளே, என் போனில் இருக்கும் அந்தப் படகு வீடியோவை நீங்கள் இரண்டு பேரும் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. பழவேற்காடு ஏரியில் உங்கள் மாமாவின் பாய்மரப் படகு கிறுக்குப் பிடித்த மாதிரி சுற்றிச் சுற்றி வரும். மாமா எழுந்து நிற்பார், உட்காருவார், தொப்பி பறந்து தண்ணீரில் விழும். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அது முழு வீடியோ இல்லை. படகு ஏன் சுற்றியது என்பதும் உங்களுக்குத் தெரியாது. பெரியவள் பத்தாவது போய்விட்டாள். சின்னவன் எட்டாவது வந்துவிட்டான்; நான் படிப்பை விட்ட வகுப்பு அது. இனிமேல் சொல்லலாம்.

நீங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர் எனக்கு அக்கா புருஷன். பாவா என்றுதான் எனக்குப் பழக்கம். இன்ஜினியரிங் படித்தவர், சென்னையில் ஆபீஸ் வேலை. நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய பைபர் படகு வாங்கினார். இரண்டு ஆட்டோவை முன்னும் பின்னும் நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் இருக்கும். அதைப் பழவேற்காட்டில் கட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஓட்டுவார்.

பாய்மரப் படகில் ஒருத்தன் கை எப்போதும் சுக்கான் கட்டையில் இருக்க வேண்டும். கையை எடுத்தால் படகு தன் இஷ்டத்துக்குத் திரும்பிவிடும். தனியாகப் போகிறவனுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட முடியாது. அதற்குத்தான் ஆட்டோ பைலட். திசை காட்டும் ஒரு சின்ன போர்டு, படகின் மூக்கு எந்தப் பக்கம் விலகினாலும் கண்டுபிடித்து மோட்டாருக்குச் சொல்லும். மோட்டார் சுக்கான் கட்டையை இழுத்துப் படகை மறுபடி நேராக்கும். கடையில் ரெடியாகக் கிடைக்கிறது. பாவாவுக்கு அது வேண்டாம். "நானே செஞ்சேன்னு சொல்லணும், அதுல தான் கிக்கு" என்று ஒரு கட்டு பேப்பரைக் கொண்டுவந்து பைபாஸ் பக்கம் இருக்கும் என் மோட்டார் கடையில் போட்டார். "மச்சான், இதைப் பாத்து முடிச்சிரு."

பேப்பரில் இருந்தது இங்கிலீஷ். பெரியவள் எனக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னாள், நினைவிருக்கும். கே.ஜி.கண்டிகை பழைய இரும்புக் கடையிலிருந்து லாரி வைப்பர் மோட்டார் எடுத்து வந்தேன். போர்டைச் சென்னை ரிச்சி தெருவில், எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கினேன். முதலில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே திசை போர்டை வைத்துவிட்டேன். மோட்டாரில் காந்தம் இருக்கிறது. வடக்கு எது என்று கேட்டால் அது மோட்டாரைக் காட்டியது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம். பிறகு போர்டைத் தனியாக எடுத்து, சின்னவனின் பழைய பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் போட்டு, மூடியைச் சுற்றிப் பசை அடைத்துத் தண்ணீர் புகாமல் செய்தேன். கடையில் இருந்த சுழல் நாற்காலியில் எல்லாவற்றையும் கட்டி வைத்து, சின்னவனை நாற்காலியைத் திருப்பச் சொல்வேன். வலப்பக்கம் திருப்பினால் மோட்டார் ஒரு பக்கம் இழுக்கும், இடப்பக்கம் திருப்பினால் இன்னொரு பக்கம். டீக்கடைக்காரர் வந்து நின்று, "இன்னாப்பா, நாக்காலிக்குப் பேய் ஓட்டிகினு கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பழவேற்காட்டுக்கு இரண்டு ஞாயிறு போய் மோட்டாரைப் படகில் பொருத்தினேன். சுக்கான் கட்டையில் ஒரு பின் வைத்தேன். ஏதாவது கோளாறு என்றால் அந்தப் பின்னை உருவினால் போதும், மோட்டார் கழன்றுவிடும், கையால் ஓட்டலாம். பாவாவிடம் இரண்டு தடவை காட்டினேன். "எனக்குத் தெரியும்டா" என்றார், போனைப் பார்த்துக்கொண்டே.

அதற்குப் பிறகு நடந்தபோது நீங்களும் இருந்தீர்கள். புது வண்டியை நம் ஊர் மலைக்கோயிலுக்கு எடுத்துப்போய்ப் பூஜை போடுகிற மாதிரி, அந்த டிபன் பாக்ஸைப் பாவா தாம்பாளத்தில் வைத்து மலைக்குக் கொண்டுபோனார். பூஜை முடிந்து, கீழே மண்டபத்தில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சாப்பாடு. பந்தியில் ஒருத்தர் கேட்டார், யார் செய்தது என்று. பாவா இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"டிசைன் நம்மள்து. இவன் ஸ்க்ரூ முடுக்குனான். பாவம், ரெண்டு ஒயரக் கையில குடுத்தா எது பிளஸ்ஸுன்னு கேப்பான், அவ்ளோதான் படிப்பு. ஆனா ஸ்க்ரூ நல்லா முடுக்குவான்."

பந்தியே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு ஸ்க்ரூ என்று பெயர். அதுகூடப் பரவாயில்லை. கை கழுவும் இடத்தில் சின்னவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "நைனா, நீ ஸ்க்ரூ மட்டுந்தான் முடுக்குனியா?" உன் டிபன் பாக்ஸ்தான்டா அது. நாற்காலியை நீதான் திருப்பிவிட்டாய். அப்படி இருந்தும் நீ கேட்டாய், ஏனென்றால் பெரியவர் ஒருத்தர் பந்தியில் சத்தமாகச் சொன்னார், நான் பதில் சொல்லாமல் பாயசத்தைக் குடித்தேன். சாமிக்குக் கோபம் தணிந்த மலை என்பார்கள். நான் அன்றைக்கு அந்த மலைக்குக் கீழே நின்றுகொண்டு, பாவா தன் வாயால், இதே ஆட்கள் முன்னால், செய்தது இவன்தான் என்று சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எப்படி என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. இந்தக் கடை வைப்பதற்கு முன்னால் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி மெக்கானிக்காக இருந்தேன் அல்லவா, அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஷெட்காரர், அதாவது தறி முதலாளி, ஆட்கள் முன்னால் மரியாதை இல்லாமல் பேசிவிட்டால் நாங்கள் திருப்பிப் பேச மாட்டோம். வேலையை ஒழுங்காக முடிப்போம். கிளம்பும்போது மோட்டாருக்குப் போகும் ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டுவிட்டுப் போவோம். மறுநாள் சுவிட்சைப் போட்டால் தறி பின்பக்கமாக ஓடும். நாலு இழை அறுந்தால் அதிகம். ஷெட்டே சிரிக்கும். அப்புறம் ஷெட்காரர் தானே நடந்து வந்து, டீ வாங்கிக் கொடுத்து, "வாப்பா, வந்து பாரு" என்று கூப்பிட வேண்டும். ஆள் அனுப்பினால் போக மாட்டோம். எனக்குத் தெரிந்து யாரும் வராமல் இருந்ததில்லை.

கடைசியாக ஒரு தடவை பசை அடைக்கிறேன் என்று பாவாவிடமிருந்து அந்த டிபன் பாக்ஸ் பெட்டியை வாங்கி வந்தேன். மோட்டாருக்குப் போகும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் போட்டேன். மூன்று நிமிஷ வேலை. படகு வலப்பக்கம் விலகினால் இது இன்னும் வலப்பக்கம் தள்ளும். வட்டம் போடும். எது பிளஸ் என்று கேட்பவனை அவர் தேடி வரட்டும்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. தறி தரையில் போல்ட் போட்டு நிற்கிறது. படகு காற்றில் நிற்கிறது.

ஆட்டோ பைலட்டை ஓட்டிக் காட்டுகிற ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் பாவாவின் ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள், நம் சொந்தத்தில் ஏழெட்டுப் பேர். உங்களுக்கு மறுநாள் பரீட்சை, அதனால் நீங்கள் வரவில்லை. ஒரு நண்பர் மோட்டார் படகில் ஏறி வீடியோ எடுக்கத் தயாராக இருந்தார். பதினொரு மணி, கடல் காற்று எழும்பிவிட்டது. பாவா தொப்பி போட்டுக்கொண்டு தனியாகத்தான் ஏறுவதாக இருந்தது. நான் கரையில் கயிற்றைப் பிடித்திருந்தேன். அப்போது அக்கா, உங்கள் அத்தை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"நீ எங்க வர்ற?" என்றார் பாவா.

"என் தம்பி செஞ்சது. நான் உக்காந்து பாக்கணும்."

அக்கா ஏறிவிட்டாள். படகு கட்டியிருந்தது. கயிறு என் கையில். நேரம் இருந்தது, பிள்ளைகளே. அதை நான் மறைக்கப் போவதில்லை. "பாவா" என்று கூப்பிட்டு வாயைத் திறந்தும்விட்டேன்.

"டேய் ஸ்க்ரூ, பாத்துகினே நிக்கற, கயித்த அவுரு" என்றார்.

கரையில் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். கயிற்றை அவிழ்த்தேன்.

கொஞ்ச தூரம் கையால் ஓட்டிப்போய்ச் சுவிட்சைப் போட்டார். படகு நேராகப் போகிற மாதிரி இருந்து, மெல்ல விலகி, பிறகு ஒரேயடியாகத் திரும்பியது. ஒரு சுற்று. பாவா எழுந்து நின்றார். பின்னை உருவினால் போதும். உருவத் தெரியவில்லை. கட்டையைக் கையால் இழுத்தார். லாரி மோட்டார், விடுமா. தொப்பி போனது. கரையில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களிடம் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்.

இரண்டாவது சுற்றில் காற்று படகுக்குப் பின்பக்கம் வந்தது. பாயின் அடியில் ஒரு நீளக் கட்டை இருக்கிறது. காற்று பக்கம் மாறியதும் அது இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரே வீச்சாக வந்தது. பாவா அப்போதுதான் கால் தடுக்கி உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே போன கட்டை அக்காவின் தோளில் இறங்கியது. அவள் கத்தியது கரைக்குக் கேட்டது.

பொன்னேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தோள்பட்டை எலும்பில் விரிசல். வாசலில் நண்பர்களும் சொந்தக்காரர்களும் நின்றிருந்தார்கள். பாவா அவர்களிடம் சொன்னார்: "நான் செஞ்சதுன்னு நெனச்சிக்காதீங்க. முழுக்க இவன் செஞ்சது. டிசைன்ல இருந்து ஒயரிங் வரைக்கும் இவன்தான்."

நான் கேட்க ஆசைப்பட்ட அதே பேச்சு. ஏறக்குறைய அதே ஆட்கள்.

உள்ளே போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள், கையைக் கழுத்தோடு தொங்கவிட்டுக் கட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"ஒயர மாத்தி வெச்சியா?"

நான் குனிந்து அவள் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

"கல்யாணம் ஆவற வரைக்கும் அந்த ஷெட்ல நூல் சுத்திகினு இருந்தவ நான். மோட்டாரு ரிவர்ஸ்ல போனா எனக்குத் தெரியாதா?"

"நீ ஏறுவேன்னு நெனைக்கலக்கா."

"ஏறினதப் பாத்தியா இல்லியா?"

"ஆங். பாத்தேன்."

"அப்போ வாயில இன்னா வெச்சிகினு இருந்த?"

"சொல்லத்தான் வந்தேன். ஸ்க்ரூன்னாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் தோள் வலித்து முகத்தைச் சுளித்தாள். "ஒரு தபா சொன்னதுக்கு உனுக்கு இவ்ளோ ரோசம். என்ன இத்தினி வருசமா வீட்ல இன்னா சொல்லிக் கூப்பிடறாருன்னு தெரியுமா உனுக்கு? நான் எந்த ஒயரப் போய் மாத்தறது?"

என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"ஊர்ல கேட்டா மலைப்படியில வழுக்கிட்டேன்னு சொல்லிக்கறேன். அவருக்கிட்ட நான் எதுவும் சொல்லமாட்டேன். அந்தப் பொட்டியச் சரிபண்ணிக் குடு. கை சேந்ததும் நான் மறுபடி ஏறுவேன்."

அத்தை படியில் விழுந்தாள் என்று உங்களிடம் சொன்னது அப்படித்தான். சொந்தக்காரர்களும் அவளுக்காக வாயைத் திறக்கவில்லை.

பாவா என் கடைக்கு வருவார் என்று நான் காத்திருந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நாலு பேர் பார்க்க, டீக்கடையைத் தாண்டி நடந்து வர வேண்டும் என்று. அவர் வரவில்லை. கனகம்மாசத்திரம் வரை பஸ்ஸில் அனுப்பி, அங்கிருந்து ஒரு ஆட்டோக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். மேலே ஒரு சீட்டு: 'செக் பண்ணவும்.' ஷெட் வழக்கப்படி நான் அதைத் தொடக்கூடாது. ஆள் அனுப்பினால் போக மாட்டோம். நாலு நாள் மேஜைக்கு அடியிலேயே கிடந்தது.

பாவா விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. அந்தக் கட்டை அரை அடி கீழே வந்திருக்கலாம் என்று நினைத்த நாள்கள் உண்டு. அப்படி நினைக்கும்போதெல்லாம் பக்கத்தில் அக்காவும் உட்கார்ந்திருக்கிறாள். அங்கேதான் கணக்கு எனக்கு இடிக்கிறது.

ஐந்தாம் நாள் மத்தியானம் கடையில் யாரும் இல்லை. பெட்டியைத் திறந்தேன். சிவப்பைச் சிவப்புக்கும் கறுப்பைக் கறுப்புக்கும் போட்டு, இனி நானே நினைத்தாலும் மாற்ற முடியாதபடி ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மூடிக்குப் பசை அடைத்தேன். அது காய்கிற நேரத்தில் போனை எடுத்தேன். அந்த நண்பர் எடுத்த வீடியோ ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே எனக்கு வந்திருந்தது. முழுசாக ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். பிறகு பாவாவின் தொப்பி தண்ணீரில் விழும் இடத்தில் நிறுத்தி, அக்கா குரல் வருவதற்கு முன்னால் அதை வெட்டி, மிச்சத்தைச் சேமித்துக்கொண்டேன்.