ஐயாயிரத்து ஒரு ரூபாய் மொய்

வரப்புத் தகராறில் என் கணவர் தனக்கு எதிராகச் சாட்சி சொன்னதிலிருந்து, என் பெரியப்பா மகன் எங்கள் வாசலை மிதித்ததில்லை. அப்படிப்பட்டவர் குரும்பலூரில் நடந்த என் மகள் கல்யாணத்துக்கு வந்து நின்றார். மொய் ஐயாயிரத்து ஒன்று என்று மைக்கில் வாசித்தார்கள். நூறும் இருநூறுமாக எழுதிக்கொண்டிருந்த பந்தலே திரும்பிப் பார்த்தது. பகை தீர்ந்ததென்று நான் அழுதேவிட்டேன்.

அடுத்த தையிலேயே பூலாம்பாடியில் அவர் மகனுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை எங்களுக்குத்தான் வந்தது. எங்களுக்கோ மகள் கல்யாணக் கடனே இன்னும் நின்றது.

“ஆயிரம் வச்சா போதாதாங்க?” என்றேன்.

“வாங்குனதுக்குக் கொறச்சு வச்சா மைக்குலயே மானம் போயிரும். மேல போட்டுத்தான் வைக்கணும்,” என்றார் கணவர்.

கறந்துகொண்டிருந்த ஒரே பசுவைத் தரகரிடம் விற்றோம். அவசரம் தெரிந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டார். மீதியைக் கைமாற்றாகப் புரட்டினோம். ஐயாயிரத்து ஐநூற்று ஒன்று என்று மைக்கில் வாசித்தபோது தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தோம்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். கொட்டகையில் கட்டியிருந்த மாடு என்னைப் பார்த்துக் கத்தியது. எங்கள் பசு.

பின்னாலேயே அண்ணன் வந்து நின்றார். “பாயசம் நல்லா இருந்துச்சாம்மா? ஒன் மாட்டுப் பாலுதான்.”

இப்போதெல்லாம் மொய் எழுதும் முன், அதைத் திருப்பி வைக்க அந்த வீட்டாரால் முடியுமா என்று பார்க்கிறேன். முடியாதவர்களுக்குக் குறைத்தே எழுதுகிறேன். முடியாதவர்கள் எல்லோருக்கும் அல்ல.