வசந்தா வீட்டு முதல் விளக்கு

நல்லது செய்ய வந்தவர்க்கும் அதைப் பெறுபவர்க்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பவன், இருவரின் சங்கடத்தையும் முதலில் சுமப்பவன். சேவைப் பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களை ஊர்களுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு, ஏனாத்தூர்க் கல்லூரியில் மின்னியல் கற்பிக்கும் என் தலையில்தான் ஆண்டுதோறும் விழுகிறது. இதே சுமையைத் தாங்கும் அன்பர்களே, படித்துச் சிரியுங்கள். சிரித்தபின் சற்றே சிந்தியுங்கள்.

எதற்கு வெளிச்சம்?

தாமல் கிராமத்துக்கு அப்பால், மனைப்பட்டா இல்லாததால் மின்கம்பம் எட்டாத ஒரு குடியிருப்பு. அங்கே சூரிய ஒளி விளக்குகள் பொருத்த ஜெர்மனியிலிருந்து மாணவர்கள் வந்திருந்தனர். அவர்களுள் யோனாஸ் என்பவன், "வெளிச்சம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டான்.

வசந்தாவிடம் விடை ஆயத்தமாக இருந்தது. பகலில் அவளுக்குக் கழனி வேலை. மாலையில் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தால் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் கூலி தருவார். ஆனால் மண்ணெண்ணெய் விளக்கு எரியும் வீட்டுக்கு அவர் நூல் தரமாட்டார், புகை படிந்துவிடும்.

"நாத்து நட்டு நட்டு இடுப்பே போச்சு சார். பாதி நாளாச்சும் குந்திக்கினு செய்யற வேலை வோணும்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க."

அணைக்க வந்த கை

வெள்ளிக்கிழமை காலை, வானம் மூடியிருந்த வேளையில், வசந்தா வீட்டில் வேலை முடிந்தது. யோனாஸ் சோதித்துப் பார்க்கச் சுவிட்சைத் தட்டினான். விளக்கு எரிந்ததும் அக்கம்பக்கத்தார் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். திருப்தியடைந்த அவன் உடனே அதை அணைக்கக் கை நீட்டினான். வசந்தா பதறிக் குறுக்கே வந்தாள். அவள் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அவன் முகம் சிவந்து, கையை மடக்கிக்கொண்டு, வணங்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

"என்னாப்பா நீ, வெள்ளிக்கெழமயும் அதுவுமா, ஏத்தன கையோட வெளக்க அணைக்கற? எரியட்டும் உடு!"

தறிக்காரர் வந்தார்

எரிந்தது, நாளெல்லாம் எரிந்தது. அந்தி வேளையில் தறிக்காரர் ஏகாம்பரம் நூல் பையோடு விளக்கைப் பார்க்க வந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விளக்கு மங்கியது. உள்ளே வந்தபோது அணைந்தே போயிற்று. வசந்தா சுவிட்சைப் பலமுறை தட்டினாள். கடைசியில் எப்போதும்போல் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினாள். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"கோச்சிக்காதம்மா. பொக ஏறிச்சின்னா பொடவயே பாழு. இது ஒயுங்கா எரியறன்னிக்குச் சொல்லி அனுப்பு, வரேன்."

குற்றவாளி இல்லாத வழக்கு

பழுது தன்னுடையதே என்று யோனாஸ் மறுநாள் எல்லாக் கம்பிகளையும் கழற்றி ஆராய்ந்தான். பழுது எதுவுமில்லை. பகலெல்லாம் எரிந்ததால் பேட்டரி நிறையவில்லை, அவ்வளவே. பசுவைத் தானம் தந்த ஒருவன் அது மேய வேண்டும் என்பதைச் சொல்லாமல் போனானாம். பெற்றவளும் அன்பின் மிகுதியால் அதைக் கட்டிய இடத்தைவிட்டு அவிழ்க்கவில்லையாம். மாலையில் பால் எங்கிருந்து வரும்? இருவருமே நல்லவர்கள். நல்லவர்களே, தரும்போது பேசுங்கள், பெறும்போது கேளுங்கள்!

பகலில் அணைத்து வைத்தால்தான் பேட்டரி நிறையும் என்று, முன்பே சொல்லியிருக்க வேண்டிய நான் அப்போதுதான் விளக்கினேன். முதல் விளக்கை அணைக்கச் சொல்வதெப்படி என்று தயங்கிய எனக்கு, வசந்தாவே வழி காட்டினாள்.

"மொத வெளக்குதான் தானா மலையேறிடுச்சே சார். இனிமே அணைச்சா என்னா?"

நகர்ந்த நிழல்

சில நாள் கழித்து ஏகாம்பரம் மீண்டும் வந்தார். விளக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவரில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். பையை வசந்தாவின் மடியில் வைத்தார். ராட்டை சுழன்றது, அரக்கு நூல் குச்சியில் ஏறியது. யோனாஸ் கண்கள் பனிக்க, விளக்குக்கு நேர்கீழே நின்று அவள் நூல் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான், நானும் அவன் பக்கத்தில் நின்றேன். வசந்தா தலை நிமிரவில்லை.

"தம்பி, கொஞ்சம் நவுந்து நில்லுப்பா. நூலே தெரியல."

அவள் சொன்னது புரியாமலேயே அவன் நகர்ந்தான், புரிந்த நானும் நகர்ந்தேன். விளக்கு பொருத்தும் பயிற்சியில் கடைசிப் பாடம் இதுதான் போலும்.