கோபத்தில் தெளிந்த இஞ்சி பீர்

எழுபதுகளில் கம்பத்திலிருந்து பீர்மேடு மலையில் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். முதல் கிறிஸ்துமஸ். விருந்துக்கு இஞ்சி பீர் போடும் வேலையை மாமியார் என் தலையில் கட்டினார். அந்த மலைக் குளிருக்குத் தோசை மாவை அடுப்போரம் வைத்துப் புளிக்க வைப்போம். அதே புத்தியில் பீர் ஜாடியையும் அடுப்போரமே வைத்துவிட்டேன். நாளெல்லாம் நுரைத்துக்கொண்டே இருந்ததே தவிர, தெளியவே இல்லை.

பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம் மாமியார் ஜாடியைத் திறந்து பார்த்தார்.

"ஏத்தா, இது பீரா, மாட்டுக்கு வைக்கிற கழனித்தண்ணியா? நாளைக்கு எங்க அக்காமாரு சிரிக்கணும்னே போட்டியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு மாமியாரைத் தூக்கி வெளியே வைக்க முடியுமா? ஜாடியைத் தூக்கிப் பின்வாசல் பனியில் வைத்தேன்.

காலையில் திறந்தால், மண்டியெல்லாம் அடியில் படிந்து, மேலே பொன்னிறமாகப் பளபளத்தது.

"யாருடி இதச் சொல்லிக் குடுத்தா?" மாமியார் வாயைப் பிளந்தார்.

"எங்க ஊரு வழக்கம் அத்தே," என்றேன், அதுவரை அப்படியொரு பனியையே பார்த்திராத கம்பத்துக்காரி.

அவருடைய அக்காமார் தம்ளரை மறுபடி மறுபடி நீட்டினார்கள்.

இன்றும் கோபம் வந்தால் வெளியே போய்க் குளிரில் நிற்பேன். தெளிந்துதான் திரும்புவேன், யாரும் வந்து என்னை ஆட்டிவிடாமல் இருந்தால்.