பினாங்கில் என் அண்ணன் போடாத இரண்டு ஊசி

நாசி கண்டார் சோற்றுக்காக இந்தப் பதிவைத் திறந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நாசி கண்டார் வரும், படகு வரும், தண்ணீர்மலை முருகன் கோயிலும் வரும். ஆனால் நான் எழுத நினைத்த பயணம் ஒன்று, நடந்தது வேறொன்று. வீடு திரும்பி நாலு நாளாகியும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

இரண்டு கொரோனா ஊசியும் போட்டவர்கள் மாநில எல்லை தாண்டிப் போகலாம் என்று அறிவித்த அன்றே டிக்கெட் எடுத்துவிட்டேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. நான் கோலாலம்பூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. என் ஒரே அண்ணன் சேகர் பினாங்கில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். ஜுருவில் கார் பட்டறை வேலை. அண்ணி தேவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். ஊசி போட்டிருந்தாலும் அண்ணி உடம்பில் அது முழுசாக வேலை செய்யாது, தொற்று வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் இருபது மாதமாக நாங்கள் வீடியோவில்தான் முகம் பார்த்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி மின்ரயில். கட்டணம் 79 வெள்ளி. முதல் நாள் இரவும் அன்று காலையும் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து, ஒரு கோடுதான் என்று உறுதி செய்துகொண்டு ஏறினேன். பட்டர்வொர்த் போய்ச் சேர நாலேகால் மணி நேரம். நிலையத்திலிருந்து படகுத்துறைக்குக் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, பத்து நிமிட நடை, பெட்டியை இழுத்துக்கொண்டே போகலாம். படகுக் கட்டணம் 1 வெள்ளி 20 காசு. தீவுக்குப் போகும்போது மட்டும்தான் காசு, திரும்பும்போது இலவசம். கால் மணி நேரத்தில் ஜார்ஜ் டவுன் வந்துவிட்டது.

துறைக்கு வெளியே அண்ணன் காடியோடு, அதாவது காரோடு, நின்றார். நல்ல ஆறடி உருவம், இரண்டு வருடத்தில் தொப்பை கொஞ்சம் கூடியிருந்தது. கட்டிக்கொள்ளலாம் என்று ஓடியவளை முழங்கையை நீட்டித் தடுத்தார். "பாப்பா, எஸ்ஓபி லா! தொடக் கூடாது!" என்று சிரித்தார். முன் இருக்கையில் அண்ணி இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு கண்ணால் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று வியாழன் அல்லவா, நேராக டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனோம். கடை வரிசையில் கீழ்த்தளம், முன்னால் அஞ்சடி நடைபாதை, கண்ணாடிக் கதவு. வாசலில் காவலர். நோயாளியோடு ஒரு துணை போகலாம், ஆனால் இரண்டு ஊசியும் போட்டவராக இருக்க வேண்டும். காவலர் கேட்பதற்கு முன்பே அண்ணன் போனில் ஊசிப் பதிவை எடுத்துக் காட்டிவிட்டு அண்ணியைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார். வழக்கமாக நாலு மணி நேரமும் கூடவே உட்கார்ந்து, நடுவில் ரொட்டியைப் பிய்த்து ஊட்டிவிடுவாராம். நான் வந்திருப்பதால் அன்று மட்டும் அண்ணியைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தார். ஐந்து மணிக்குத் திரும்ப வர வேண்டும்.

மதியம் ஒரு மணிக்கு நாசி கண்டார் கடை. கோழி, வெண்டைக்காய், எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றி ஒரு தட்டு 11 வெள்ளி 50 காசு. வாசலில் கடைத் தம்பி மறித்தார். "அண்ணே, போன் காட்டுங்க. அக்கா, நீங்களும் லா. நீங்க காட்டலேன்னா எனக்குத்தான் சம்மன்."

அண்ணன் கை கழுவப் போய்க்கொண்டே, "நீயே காட்டு பாப்பா" என்று போனை என் கையில் திணித்தார். காட்டினேன். காட்டும்போது கண்ணில் பட்டது, இரண்டாவது ஊசி போட்ட தேதி. என் பிறந்த நாள். அட, நம்ம பிறந்த நாளன்றா போட்டிருக்கிறார் என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. உட்கார்ந்து ஒரு வாய் வைத்ததும்தான் உறைத்தது. அன்று காலையில் வீடியோவில் எனக்கு வாழ்த்துப் பாடியபோது அண்ணன் கையில் பிங்க் பட்டை கட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் தொற்று வந்து, அந்த மாடியில் எல்லோரையும் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று பட்டை கட்டி உட்கார வைத்திருந்தார்கள். "காப்பு நல்லாயிருக்கே அண்ணே" என்று நான்தான் கேலி செய்தேன். அன்றைக்குப் போய் எப்படி ஊசி போட்டிருக்க முடியும்? தட்டைத் தள்ளி வைத்தேன்.

கடையில் வைத்துக் கேட்க முடியாது, சுற்றிலும் ஆட்கள். தண்ணீர்மலைக்குப் போகலாம் என்றேன். காடியில் இருபது நிமிடம். படிகள் 513, ஏறுகிறவர்கள் தண்ணீர் எடுத்துப் போங்கள், மதியத்தில் ஏறாதீர்கள். மேலே நடை சாத்தியிருந்த நேரம், படியில் ஓர் ஆள் இல்லை. பாதி தூரம் ஏறி நிழலில் உட்கார்ந்தோம்.

"அண்ணே, ரெண்டாவது ஊசி எங்க போட்டீங்க?"

"எல்லாரும் போட்ட எடத்துலதான்."

"என் பொறந்த நாளன்னிக்கி உங்க கையில பிங்க் பட்டை இருந்துச்சு. அதோட எப்படி வெளிய போனீங்க?"

அண்ணன் முகக்கவசத்தைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "போடல பாப்பா" என்றார்.

"மொதல் ஊசி?"

"அதும் போடல."

பட்டறைக்கு வருகிற ஒருவன் மூலமாகப் பொய்ப் பதிவுக்காக அடையாள அட்டை எண்ணைக் கொடுத்திருக்கிறார். போனில் பதிவு தானாக வந்து விழுந்திருக்கிறது. "ஊசி போடலேன்னா பட்டறைக்கு வராதன்னுட்டாங்க. டயாலிசிஸ்லயும் உள்ள விட மாட்டோம்னாங்க. அப்பறம் தேவிய யாரு தூக்கி உக்கார வைக்கிறது, சொல்லு?"

"போட்டுத் தொலச்சிருக்கலாமே அண்ணே! இலவசமாத்தானே போடறாங்க!"

"பயம் பாப்பா."

யார் சொல்கிறார் பாருங்கள். பதினாறு வருடம் இதே படியில் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த மனுஷன். கன்னத்தில் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வரும் அலகு, முதுகு முழுக்கக் கொக்கி. கொரோனா வராமல் இருந்திருந்தால் பதினேழாவது வருடமும் எடுத்திருப்பார். "அலகு குத்தறப்ப மட்டும் பயமில்லையா அண்ணே?" என்றேன்.

"அது வேற" என்றார். "நாப்பத்தெட்டு நாள் வெரதம் இருந்து, உறுமி அடிச்சி, எல்லாரும் சுத்தி நின்னு வேல் வேல்னு சொல்லி, அருள் வந்தப்பறம் குத்துறது. அப்ப நான் நானா இருக்க மாட்டேன். ஊசி குத்துறப்ப நான் மட்டும்தான் இருப்பேன்."

ஆறாம் வகுப்பில் பி.சி.ஜி. ஊசி போட்ட நாளை நினைவுபடுத்தினார். வரிசையிலேயே மயங்கி விழுந்து கால்சட்டையை நனைத்துவிட்டார். பள்ளிக்கூடமே சிரித்தது. மூன்றாம் வகுப்பில் இருந்த நானும் சிரித்தேன், வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் நடித்தும் காட்டினேன். நான் மறந்தே போயிருந்தேன், அவர் மறக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வாரம் மூன்று நாள் அந்தப் படுக்கைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறாரே!

கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பக்கத்திலிருந்த தடுப்பூசி மையத்துக்குக் கூட்டிப் போனேன். நேரில் வந்தாலே போடுவார்கள், முன்பதிவு தேவையில்லை. மூன்று மணி பத்து நிமிடம். வரிசையே இல்லை. ஒரு தமிழ்ப் பெண், தொண்டூழியர், போனைத் தட்டிப் பார்த்தார். "அங்கிள், ரெண்டும் போட்டாச்சுன்னு இருக்கே. மூணாவது ஊசி உங்களுக்கு இன்னும் வரல. போட முடியாது லா."

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தியா பாப்பா, போட முடியாதாம்" என்றார். ஓங்கி ஓர் அறை விடலாமா என்றிருந்தது. அப்போதுதான் விஷயம் எனக்கு முழுசாகப் புரிந்தது. பொய் சொல்லிப் பதிவு வாங்கியவருக்கு இனி நிஜ ஊசி கிடைக்காது. கிடைக்க வேண்டுமென்றால் நான் பொய் சொன்னேன் என்று அவரே வாயைத் திறந்து சொல்ல வேண்டும், போலீசில் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அண்ணியிடம் சொல்ல வேண்டும்.

ஐந்து மணிக்கு அண்ணி வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். இடது கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றேன். அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், பயத்தையும் சேர்த்து.

அண்ணி கத்தவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு, ஊசி இறங்கிய இரண்டு இடத்தையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். "வாரத்துல மூணு நாளு. ஒவ்வொரு நாளும் ரெண்டு ஊசி, ஆணி கணக்கா தடியா இருக்கும். எனக்கு யாரு உறுமி அடிச்சா? எனக்கு எந்தச் சாமி வந்துச்சு? நான் நானாத்தானே உக்காந்து வாங்கிக்கிறேன்?" மூச்சு வாங்கியது. "நீங்க ஊட்டிவிட்ட ஒவ்வொரு ரொட்டிக்கும் மாஸ்க்கக் கழட்டினேன். உங்கள நம்பித்தானே கழட்டினேன்?"

அண்ணன் தேம்பி அழுதார். அண்ணி விடவில்லை. "வீட்டுக்கு அப்பறம் போலாம். இப்பவே உள்ள போயி மிஸ்ஸிகிட்ட சொல்லுங்க. என் பக்கத்துல படுத்திருக்கவங்களும் மனுசங்கதான்." எங்கள் பக்கம் தாதியை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். தலைமை மிஸ்ஸி கேட்டுவிட்டு அண்ணி வருகிற நேரத்து நோயாளிகளின் போன் எண்களை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அத்தனை பேரும் மறுநாள் வந்து சோதனை செய்துகொள்ள வேண்டும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருக்கும் எதுவும் இல்லை என்று சனிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. அதுவரை அந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டரைக்குப் போலீஸ் நிலையம், முடிய பதினொன்று ஆனது. வழக்கு வரலாம், கூப்பிட்டால் வர வேண்டும் என்றார்கள். புகார் நகலோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம், அண்ணியும் வந்தார். முகப்பில் அண்ணன் திக்கித் திணறி ஆரம்பித்தார். அங்கிருந்த மிஸ்ஸி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இழுப்பறையிலிருந்து அச்சடித்த பாரம் ஒன்றை எடுத்தார். "ரிப்போட் கொண்டாந்தீங்களா? இங்க ஒரு கையெழுத்து." நிரப்பிய பாரங்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. "நீங்க மொதல் ஆளுன்னு நெனச்சீங்களா அண்ணே?" என்றார். எனக்கு வந்த அதிர்ச்சிகளில் இதுதான் பெரியது. இந்த ஊரில் இன்னும் எத்தனை பேர் போனைக் காட்டிவிட்டு யார் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்களோ!

நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. "பாப்பா, வேல் வேல் சொல்லு" என்றார். சொன்னேன், முகக்கவசத்துக்குள்ளேயே மெதுவாக. அண்ணி அவர் கையை எடுத்துத் தன் இடது கைமேல் வைத்துக்கொண்டார். டயாலிசிஸ் செய்கிற கையில் ரத்தம் ஓடுவது தொட்டாலே கிர்ரென்று தெரியும். "முடிஞ்சிருச்சு" என்றார் மிஸ்ஸி. "குத்தவே இல்லையே" என்று எழுந்த அண்ணன் அப்படியே சரிந்தார். ஆறடி ஆளைத் தாங்க மூன்று பேர் வேண்டியிருந்தது. தலையை மடியில் பிடித்துக்கொண்டது நான்தான், இந்த முறை சிரிக்கவில்லை.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ரயிலில் ஜன்னல் ஓரம் வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே எடுங்கள். படகுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். காடியில் வருகிறவர்களுக்குப் பாலச் சுங்கம் 7 வெள்ளி, அதுவும் தீவுக்கு வரும்போது மட்டும். தண்ணீர்மலைக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். வயதானவர்கள், நோயாளிகள் இருக்கிற வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் சோதனைக் குச்சி இரண்டு கூடுதலாக வைத்திருங்கள். உங்களுக்கு ஊசி என்றால் பயமா? மிஸ்ஸியிடம் முதலிலேயே சொல்லுங்கள், படுக்க வைத்தே போடுவார்கள். எங்களுக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை டயாலிசிஸ் நிலையத்தில் அண்ணனை உள்ளே விடவில்லை. பழைய பதிவை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது ஊசி தீபாவளிக்கு மறுநாள், அதற்குப் பிறகும் இரண்டு வாரம் ஆனால்தான் உள்ளே விடுவார்கள். அவர் அஞ்சடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், துணையாக நான் உள்ளே போனேன். நடுவில் ரொட்டி டப்பாவைத் திறந்து நீட்டினேன். அண்ணி தலையை ஆட்டினார்.

"நான் போட்டிருக்கேன் அண்ணி. தேதி வேணா பாருங்க."

"தெரியும்மா. இருந்தாலும் வேணாம்."

நாலு மணி நேரமும் அவர் முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை. வெளியே வந்ததும் அண்ணன் ஓடி வந்து என் கையிலிருந்த டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். ரொட்டி காலையில் அவர் வைத்தபடியே இருந்தது. மூடிவிட்டுக் காடியின் முன் கதவைத் திறந்துவிட்டார். அண்ணி பின் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.