அளக்காமல் போட்ட மேற்படி

எங்கள் ஆய்வு அறையில் ஒரு வழக்கம் உண்டு. மேலே எழுதிய அளவே அடுத்த பீஸுக்கும் வந்தால் எண்ணைத் திரும்ப எழுதமாட்டோம். இரண்டு சின்னக் கோடுகள் போட்டுவிடுவோம். பழைய ஆட்கள் அதை ‘மேற்படி’ என்பார்கள், புதியவர்கள் ‘சேம்’ என்பார்கள். தணிக்கைக்கு வருகிறவர்களும் ஒன்றும் சொல்வதில்லை. இருபத்திரண்டு வருடமாகப் போட்டுப் போட்டு அந்தப் பழக்கம் என் டைரியிலும் ஒட்டிக்கொண்டது. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன் என்று ஒரு நாள் எழுதினால், மறுநாள் மேற்படி.

அந்த வெள்ளிக்கிழமை நான் போட்ட ஒரு மேற்படிக்குப் பின்னால் அளவே இல்லை.

ஓசூரில் நான் வேலை பார்க்கும் ஆலையில் பிரேக் சிலிண்டர்கள் கடைகிறோம். மணிக்கு ஒரு தடவை, அடுத்தடுத்து வரும் ஐந்து பீஸ்களை எடுத்து, துளையின் விட்டத்தை அளந்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. வரைபடத்தில் உள்ள அளவுக்கு மேல் பத்து மைக்ரான் வரை, அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை போகலாம். அதைத் தாண்டினால் பீஸ் கழிவுக்குப் போகும். அன்று மதியம் எடுத்த ஐந்தில் நாலு பீஸும் ப்ளஸ் நாலு காட்டின. ஐந்தாவதை எடுக்கப் போனபோது ஷிஃப்ட் சூப்பர்வைசர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். தர்மபுரிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“சார், இன்னும் பத்து நிமிசம் போனா அத்திப்பள்ளி பார்டர் டிராஃபிக்ல வண்டி மாட்டிக்கும். டிரைவர் ஹார்ன் அடிச்சே கொல்றான். முடிஞ்சுதா?”

“ஒண்ணு பாக்கி.”

“நாலும் ஒரே மாதிரிதானே வந்திருக்கு. சேம் போடுங்க சார்.”

போட்டேன். பீஸ்கள் அடுக்கிய தட்டு, வண்டியில் ஏறிக் கர்நாடகா பக்கம் போய்விட்டது.

சனிக்கிழமை காலை, மெஷின் ஆபரேட்டர் எழுதும் சீட்டுகளைக் கோப்பில் சேர்க்கும்போதுதான் பார்த்தேன். முப்பத்தேழாம் நம்பர் பொறித்த பீஸுக்கு நேராக, ‘இன்சர்ட் மாற்றப்பட்டது’. இன்சர்ட் என்பது கடையும் கருவியின் முனை. புது முனை போட்ட முதல் பீஸின் அளவு எந்தப் பக்கமும் ஓடலாம். அதை அளந்து பார்த்துத்தான் ஆபரேட்டர் மெஷினைத் திருத்துவார். நான் அளக்காமல் விட்டது அந்த முப்பத்தேழு. ஆபரேட்டரிடம் போய், முதல் பீஸைத் தனியாக எடுத்து வைத்தாயா என்று கேட்டேன்.

“இல்ல சார். அது உங்க அஞ்சுல வந்துச்சு. நீங்க பார்த்திருப்பீங்கன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் வந்ததை நானே பார்த்துத் திருத்திட்டேன்.”

சூப்பர்வைசருக்கு அன்று விடுமுறை. மேலாளரிடம் நேராகப் போயிருக்கலாம். போகவில்லை. அவர் அறை வாசல் வரை இரண்டு தடவை நடந்து திரும்பினேன். அன்றைய டைரியில் அதையும் எழுதியிருக்கிறேன்: பதினொன்று பத்து, பன்னிரண்டு இருபத்தைந்து.

மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. அந்த சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வண்டி பிரேக் போடும்போதும் என் வலது கால் தரையை அழுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறாள். குவாண்டம் கொள்கை உலகத்தைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது என்பது அவள் விஷயம். அதைப் பற்றி நான் அதிகம் கேட்டதில்லை. அன்று சாப்பிட்டு முடித்ததும் நானே ஆரம்பித்தேன்.

“அளக்கறதுக்கு முன்னாடி அளவே கிடையாதுன்னு உங்க ஆளுங்க சொல்வாங்கல்ல?”

“சில பேர் சொல்வாங்க. ஏன்ப்பா?”

“அப்போ, அளக்காம ஒரு நம்பர் எழுதினா அது பொய்னு சொல்ல முடியாதே?”

“யாரு எழுதினது?”

சொன்னேன்.

“அப்பா, அது இரும்பு. எலக்ட்ரான் இல்ல. அதுக்கு ஒரு அளவு இருக்கு. உங்களுக்குத் தெரியல, அவ்ளோதான்.”

அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிரவில்லை. “நேத்து ராத்திரியும் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. சுகர்தான் ஏறிப்போச்சோன்னு நான் பயந்துட்டேன். ஒரு இரும்புக் குழாய்க்கா?”

“எலக்ட்ரானுக்கு மட்டும் ஏன் அளவு இருக்கக் கூடாது?” என்று கேட்டேன். “அங்கயும் நமக்குத் தெரியாமத்தானே இருக்கணும்?”

“உங்க டைரியைக் குடுங்க” என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். ஓரிடத்திலிருந்து இரண்டு துகள்கள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கருவி. கருவியில் மூன்று நிலைகள். கடைசி நேரத்தில் குருட்டாம்போக்கில் ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு தடவை அளக்கலாம். விடை ஆம் அல்லது இல்லை. இரு பக்கமும் ஒரே நிலையை வைத்தால் எப்போதும் ஒரே விடைதான் வருகிறது.

“கிளம்பும்போதே மூணு நிலைக்கும் விடை எழுதின சீட்டை ரெண்டும் எடுத்துக்கிட்டுப் போகுது” என்றேன். “ரெண்டுகிட்டயும் ஒரே சீட்டு.”

“எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்வாங்க. அந்தச் சீட்டை எழுதுங்க.”

ஸ்கேல் வைத்து மூன்று கட்டங்கள் போட்டேன். ஆம், இல்லை என்பதை எத்தனை விதமாக நிரப்பினாலும் எட்டு வரிசைதான் வந்தது. எந்த வரிசையை எடுத்தாலும் மூன்றில் இரண்டு கட்டமாவது ஒரே விடையாக இருந்தது. மூன்று கட்டங்களில் மூன்று ஜோடிகள். அவற்றில் ஒன்றாவது பொருந்திவிடுகிறது. அப்படியானால் இரு பக்கமும் வெவ்வேறு நிலையை வைக்கும்போது, குறைந்தது மூன்று தடவைக்கு ஒரு தடவை விடைகள் ஒத்துப்போக வேண்டும்.

“சோதனைல நாலு தடவைக்கு ஒரு தடவைதான் ஒத்துப்போகுது” என்றாள்.

எட்டு வரிசையையும் மறுபடி சரிபார்த்தேன். ஒன்பதாவது வரிசை ஏதாவது விட்டுப்போயிருக்குமா என்று தேடினேன். இல்லை.

“அப்போ என்னதான் நடக்குது?”

“அதுலதான் சண்டை. அளக்காததுக்கு விடையே இல்லங்கறாங்க சிலர். விடை இருக்கு, ஆனா இந்தப் பக்கம் செய்யறது அந்தப் பக்கத்தையும் தொடுதுங்கறாங்க வேற சிலர். எல்லா விடையும் வருது, நாமளும் அதோட சேர்ந்து பிரிஞ்சு போறோம்னு ஒரு கூட்டம் இருக்கு.”

“நீ எந்தக் கட்சி?”

“அது தெரிஞ்சா என் தீசிஸ் முடிஞ்சிரும்ப்பா.” சிரித்துவிட்டு டைரியை மூடித் தந்தாள். “ஆனா ஒண்ணு. அளக்காத கட்டத்துல சும்மா ஒரு விடை எழுதி வெச்சா இந்தச் சோதனையோட ரிஜிஸ்டர் காட்டிக் குடுத்துரும். உங்க ரிஜிஸ்டர் காட்டிக் குடுக்காது.”

ஒதுங்க ஒரு இடம் தேடித்தான் அவளிடம் போனேன். என் மேற்படி சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம், அல்லது இரண்டும் இல்லாமலும் இருக்கலாம் என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தேன். இப்போது முப்பத்தேழாம் நம்பருக்கு ஒரு அளவு இருந்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. அது எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு தட்டில், ஒரு குறிப்பிட்ட எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. இனி அதை யாராவது ஒரு வண்டியில் மாட்டுவார்கள்.

திங்கள்கிழமை எட்டு மணிக்கே சூப்பர்வைசரைப் பிடித்துச் சொன்னேன்.

“சார், யாராச்சும் கேட்டாங்களா?”

“யாரும் கேக்கல.”

“அப்புறம் எதுக்கு சார் நீங்களே போய்த் தலையக் குடுக்கறீங்க? என் தலையும் சேர்ந்துல்ல போகும்?”

“உங்க பேரு ரிஜிஸ்டர்ல இல்ல. கோடு போட்டது நான்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் அவரே மேலாளரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நின்ற இருபது நிமிடத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விளக்கக் கடிதம் கேட்டார்கள். சிலிண்டர்களை வாங்கிய கம்பெனிக்கு ஃபோன் போனது. வேனில் நானும் சூப்பர்வைசரும் கிளம்பினோம்.

அங்கே ஸ்டோரில் இருந்தவர் கன்னடக்காரர். “ஒண்ணே ஒண்ணா சார்? அதுக்கு ரெண்டு பேரு வந்தீங்களா?” என்றார். முப்பத்தேழு ஏற்கெனவே பிரேக்கில் பூட்டப்பட்டிருந்தது, ஆனால் வெளியே போகவில்லை. பிரித்துத் துடைத்துக் கையில் கொடுத்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வெயிலில் வந்த இரும்பை உடனே அளக்கக் கூடாது. ஆய்வு அறையின் குளிருக்கு அது வந்து சேர, கல் மேஜையில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். வைத்தேன். சூப்பர்வைசர் அரை மணியிலேயே, “போதும் சார்” என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கை வியர்த்துக்கொண்டே இருந்ததால் இரண்டு தடவை கழுவிவந்தேன்.

மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ப்ளஸ் ஒன்பது.

“பாஸ்!” அவர் மேஜையைத் தட்டினார். “ஒரு மைக்ரான் மிச்சமே இருக்கு. நான் அன்னைக்கே சொன்னேன்ல?”

“நீங்க நாலுன்னு சொன்னீங்க.”

“ஓகே பீஸ்தானே சார்? விடுங்க.”

மடி லேசானது உண்மை. அந்த பீஸால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் நாலு நாலுதான், ஒன்பது ஒன்பதுதான். அந்த இரண்டு கோடுகளையும் சிவப்பு மையில் அடித்தேன். பக்கத்தில் ‘அளக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதை வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் எழுதவில்லை. கீழே, திங்கள்கிழமைத் தேதியில் எழுதினேன்.

பிறகு ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினேன். பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து மேற்படி, எல்லாம் என் கையெழுத்து. எல்லாவற்றையும் அளந்துதான் போட்டேன் என்றே நினைக்கிறேன். நான்கு பக்கம் தாண்டியதும் மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை டைரியில் மேற்படி போடப் பேனாவை வைத்தவன், எழுந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். ஐந்து முப்பத்தாறு.